சிங்கத்தைக் கொன்றது நாயா, சர்க்காரா?

நாயிடம் தொற்றிய காய்ச்சலில் சிங்கம் செத்தது என்றால் சிரிக்கத் தோன்றும். ஆனால் இது சிரிக்கும் சங்கதி அல்ல. 2018 செப்டம்பர் 12-ந் தேதி தொடங்கி அக்டோபர் முதல் வாரத்துக்குள் குஜராத்தின் கிர் காட்டில், டல்கானியா சரகத்தில், 23 சிங்கங்கள் மாண்டன. மூன்றே வாரத்தில் 23 சிங்கங்கள்! ஆசியச் சிங்கம் காட்டில் திரிகிற இடம் உலகத்திலேயே அந்த ஒரு வட்டாரம்தான். 2015-ல் எடுத்த கணக்கின்படி அங்கே இருந்தவை மொத்தம் 523.

சிங்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். ஆலைச் சங்கு ஊதுமுன் ஓடுகிறவனுக்கும், உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கிறவளுக்கும், அடுத்தவன் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் சிங்கத்தைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

சம்பந்தம் இருக்கிறது. சிங்கம் செத்ததும் பழி யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். தெரு நாய் காட்டுக்குள் போனதால் வந்தது என்றார்கள். மாடு மேய்க்கிற மால்தாரிகளின் நாயால் வந்தது என்றார்கள். ஊர் ஏழைகள் செத்த மாட்டைக் காட்டோரம் போடுவதால் வந்தது என்றார்கள். நாயை ஒழி, மேய்ப்பவனை விரட்டு என்று ஒரு கூச்சல் கிளம்பிற்று. வியாதி வந்தால் ஏழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற இந்த வித்தை தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலி ஜனங்களைத் தட்டப்பாறை முகாமில் அடைத்துவைத்துத்தான் அனுப்பினார்கள். கூலி வியாதியைக் கொண்டுவந்துவிடுவான் என்று துரைமாருக்குப் பயம்! பட்டினியையும் இருட்டு லயத்தையும் கெட்ட தண்ணீரையும் கொடுத்து அந்த வியாதியை வளர்த்தது யார் என்ற கேள்வியை எந்தத் துரையும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கிர் காட்டைப் பார்த்து நாம் கேட்கிறோம். கிருமியை நாய் கொண்டுவந்திருக்கலாம். சாவைக் கொண்டுவந்தது யார்?

இந்த வியாதி எது?

இதற்கு டிஸ்டெம்பர் என்று பெயர். ஊரில் நாய் வளர்த்தவர்கள் எல்லாரும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். முதலில் காய்ச்சல், கண்ணில் பீளை, மூக்கில் சளி, பிறகு இருமல், கழிச்சல். கடைசியில் கிருமி மூளைக்கு ஏறும். தலை வெட்டும், கால் இழுக்கும், வலிப்பு வந்து விழும். குட்டிகள்தான் அதிகம் சாகும். தும்மலிலும் இருமலிலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். இந்தக் கிருமியை நேரே கொல்லும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. ஊசி போட்ட நாய்க்கு இது அநேகமாக வருவதில்லை.

பெயரில் நாய் இருந்தாலும் இது நாயோடு நிற்பதில்லை. நரி, செந்நாய், ஓநாய், புலி, சிறுத்தை, சிங்கம் என்று இறைச்சி தின்னும் பிராணிகளில் பலவற்றையும் தாக்கும். கடல் வாழும் ஜீவன்களையும் விடவில்லை. 2000-ம் ஆண்டில் காஸ்பியன் கடலில் சீல் என்னும் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கியதற்கு இதே கிருமிதான் காரணம். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் நன்னஜ் புல்வெளியில் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, சுற்றுக் கிராமத்து நாய்களில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் இந்தக் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. அதே புல்வெளியின் குள்ளநரிகள் இதனால் செத்ததும் தெரியவந்தது.

எங்கோ குஜராத்தில், எங்கோ சோலாப்பூரில் என்று நாம் இருந்துவிட முடியாது. நமது தேரிக்காட்டிலும் வல்லநாட்டு மலையடியிலும் நரி இருக்கிறது. நம் வயலுக்குத் தண்ணீர் தரும் தாமிரபரணியின் தலைமாட்டில், களக்காடு முண்டந்துறைக் காட்டில், புலியும் செந்நாயும் இருக்கின்றன. அந்தக் காடுகளின் ஓரத்திலும் ஊர்கள் உண்டு. ஊர்களில் நாய்கள் உண்டு. கிர் காட்டில் நடந்தது இங்கே நடக்காது என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது.

மந்திரம் ஓதியவர்கள்

நமது கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். அவர் மந்திரம் ஓதினால்தான் குளியாளி தோணியை விட்டுத் தண்ணீரில் இறங்குவான். வெள்ளைக்காரச் சர்க்காரும் கடல்கட்டியை வைத்துக்கொண்டது. மந்திரத்தில் துரைக்கு நம்பிக்கை இருந்ததாலா? இல்லை. ஆள் இறங்கினால்தான் சிப்பி ஏறும். ஏறிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு! சுறா வந்தால் போவது குளியாளியின் உயிர். துரையின் பங்கு குறையாது.

2018 செப்டம்பரில் குஜராத் அதிகாரிகள் இந்தக் கடல்கட்டி வேலையைத்தான் செய்தார்கள். முதல் 11 சிங்கங்கள் செத்துக் கிடந்தபோது அவர்கள் சொன்ன விளக்கம் என்ன? சிங்கங்கள் எல்லைத் தகராறில் தமக்குள் சண்டை போட்டுக்கொண்டன, சில நுரையீரலும் ஈரலும் கெட்டுச் செத்தன, பயப்பட ஒன்றுமில்லை! ஒரே இடத்தில், ஒரே வாரத்தில், ஆணும் பெண்ணும் குட்டியுமாகச் சாகின்றன, அது சண்டையாம்! ஆடு வளர்க்கும் நம் வீட்டுக் கிழவியைக் கேட்டிருந்தால்கூட, பட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது கொள்ளைநோய் என்று சொல்லியிருப்பாள்.

பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. டிஸ்டெம்பர் கிருமி இருப்பது வெளிப்பட்டது. அதன் பிறகுதான் ஓட்டமும் சாட்டமும். எஞ்சிய சிங்கங்களைப் பிடித்துத் தனியே அடைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து 300 ஊசி மருந்து தருவித்தார்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவது என்பது இதுதான்.

பழி உண்ணிக்கு!

அத்தோடு விட்டார்களா? அடுத்த சமாதானமும் வந்தது. டிஸ்டெம்பரால் செத்தவை சில மட்டுமே, அதிகமானவை உண்ணி பரப்பும் பேபீசியா என்ற ரத்தக் கிருமியால் செத்தன என்று சர்க்கார் கணக்குச் சொன்னது. உண்ணிதான் குற்றவாளி, உண்ணியின் மேல் யார் வழக்குப் போட முடியும்?

இந்தச் சமாதானத்துக்குப் பதில் ஆப்பிரிக்காவில் எப்போதோ கிடைத்துவிட்டது. 1994-ல் டான்சானியாவின் செரெங்கெட்டி வெளியில் டிஸ்டெம்பர் புகுந்து, ஏறக்குறைய 3,000 சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,000 சிங்கங்கள், செத்தன. விஞ்ஞானிகள் சேர்த்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அதற்கு முன்னும் அதே கிருமி அதே சிங்கங்களிடையே வந்து, பெரிய சாவு ஏதுமின்றிப் போயிருக்கிறது! அப்படியானால் 1994-ல் மட்டும் ஏன் இத்தனை சாவு? அதற்கு முந்திய வறட்சியில் காட்டெருமைகள் மெலிந்து உண்ணி மொய்த்துக் கிடந்தன. மெலிந்த எருமையைத் தின்ற சிங்கத்தின் ரத்தத்தில் பேபீசியா பெருகியது. அதே சமயத்தில் டிஸ்டெம்பர் வந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஒடித்துப் போட்டது. இரண்டும் கைகோத்துக் கொன்றன.

காவலாளியை டிஸ்டெம்பர் அடித்துப் போட்டது. திறந்த கதவு வழியே பேபீசியா நுழைந்து கொள்ளையடித்தது. கொள்ளைக்காரனை மட்டும் காட்டிக் காவலாளி விழுந்த கதையை மறைப்பது என்ன நியாயம்?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே காய்ச்சல் முதலாளிக்கும் வருகிறது, மூன்று நாளில் எழுந்துவிடுகிறான். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு அரை வயிற்றுக் கஞ்சியில் கிடக்கும் தொழிலாளிக்கு வந்தால் பாடைதான். கொல்வது கிருமி மட்டுமல்ல. கிருமி வருமுன் உடம்பை எந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்பதும் கொல்கிறது.

துரைமார் நாய்க்கு ஊசி, ஊர் நாய்க்குக் கல்

இனி அந்தத் தடுப்பூசியின் கதையைக் கேளுங்கள். இது ஒரு கிருமியால் வரும் வியாதி என்று 1905-ல் பிரெஞ்சு விஞ்ஞானி கார்ரே காட்டினார். 1920-களில் இங்கிலாந்தில் லெய்ட்லா, டங்கின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். அதற்குப் பணம் யார் கொடுத்தது? பிரபுக்கள் படிக்கும் வேட்டைப் பத்திரிகை ஒன்று 1923-ல் நிதி திரட்டியது. காரணம், குதிரை மேல் ஏறி நரி வேட்டையாடும் கனவான்களின் நாய்க் கூட்டங்கள் டிஸ்டெம்பரில் அழிந்துகொண்டிருந்தன. கனவான்களின் பொழுதுபோக்குக்கு ஆபத்து வந்ததும் பணமும் விஞ்ஞானமும் ஓடிவந்தன.

விஞ்ஞானிகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்தது அரிய வேலை. அந்த ஆராய்ச்சியின் வழியேதான் 1933-ல் மனிதனுக்கு வரும் இன்புளூயன்சா கிருமியையும் கண்டுபிடித்தார்கள். நாம் கேட்பது வேறு. தடுப்பூசி வந்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது. அது யாருடைய வாசலுக்குப் போயிருக்கிறது? பங்களா நாய்க்குத் தனியார் டாக்டர் வருஷம் தவறாமல் போடுகிறார். மீன்பிடித் துறைமுகத்தில் கழிவு பொறுக்கும் நாய்க்கும், உப்பளக் குடிசைக்குக் காவல் கிடக்கும் நாய்க்கும், கிடைபோடும் கீதாரியின் நாய்க்கும் யார் போட்டார்கள்? இன்றைய விதிகளின்படி தெரு நாய்க்குக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டியது உள்ளாட்சியின் கடமை. அதுவும் வெறிநோய்க்கு மட்டும்தான். டிஸ்டெம்பர் ஊசி அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆக, ஊசி போட வேண்டியவர்கள் போடவில்லை. ஊசி போடாத நாய்க்கு வியாதி வந்தது. வியாதி காட்டுக்குப் போனது. அப்போது குற்றவாளி யார்? ஊசி வாங்கக் காசில்லாத கீதாரியா?

நாயைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்கிறவர்களுக்கும் ஒரு பதில். குப்பையும் இறைச்சிக் கழிவும் தெருவில் கிடக்கும் வரை, இன்று பத்து நாயைக் கொன்றால் நாளை அடுத்த ஊர் நாய் பத்து அந்த இடத்துக்கு வரும். அவை ஊசி போடாத புது நாய்கள். வியாதிக்குப் புது விறகு. ஊசி போட்ட நாய் ஊரில் இருந்தால் அது ஒரு வேலி. வேலியைப் பிடுங்கிவிட்டு வெள்ளாமையைக் காப்பேன் என்பது புத்தியுள்ளவன் பேச்சா?

ஒரே பாரை நம்பலாமா?

ஆனாலும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செரெங்கெட்டியைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். நாய்களிடம் வியாதி குறைந்தது. ஆனால் கிருமி அடியோடு போய்விடவில்லை. மற்ற காட்டுப் பிராணிகளிடமும் அது சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி அவசியம், ஊசி மட்டும் போதாது. அப்படியானால் வேறு என்ன வேண்டும்?

இதற்கு விடை நமது முத்துக் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி ஒரே இடத்தில் விளைவதில்லை. பல பார்களில் விளைகிறது. ஒரு வருஷம் ஒரு பார் வெறுமையாகக் கிடக்கும். இன்னொரு பாரில் சிப்பி இருக்கும். எல்லாப் பாரும் ஒரே சமயத்தில் வெறுமையானால் கதை முடிந்தது. 1955-லிருந்து 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பே இல்லாமல் போனதே, அந்த இழப்பை நம் குளியாளிகள் அறிவார்கள். ஒரே பாரை நம்பிக் கடலில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர எந்த நிபுணரும் வர வேண்டியதில்லை.

ஆசியச் சிங்கத்துக்கு இருப்பது ஒரே பார். மேற்கு ஆசியாவிலிருந்து வட இந்தியா வரை திரிந்த இனம் அது. ராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைமாரும் துப்பாக்கிப் பெருமைக்காகச் சுட்டுத் தள்ளி, கடைசியில் ஜூனாகட் நவாபின் கிர் காட்டில் மட்டும் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. இன்றுள்ள சிங்கங்கள் எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள், ரத்தத்தால் நெருங்கியவை. ஒன்றைச் சாய்க்கும் வியாதி மற்றதையும் சாய்க்கும்.

இதை முன்கூட்டியே எச்சரித்தவர்கள் உண்டு. 1990-களிலேயே இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் நிபுணர்கள் சிங்கத்துக்கு இரண்டாவது வீடு தேடி ஆராய்ந்தார்கள். ரவி செல்லமும், நம் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் அவர்களில் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் கூனோ காடு தகுந்த இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கொள்ளைநோய் வந்தால் ஒரு காடு அழிந்தாலும் இன்னொரு காட்டில் இனம் பிழைக்கும் என்பதே அவர்கள் வாதம்.

குஜராத் சர்க்கார் மறுத்தது. சிங்கம் எங்கள் குடும்பத்துப் பிள்ளை என்று கோர்ட்டில் உருகியது! வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2013 ஏப்ரல் 15-ந் தேதி, ஆறு மாதத்துக்குள் சிங்கங்களைக் கூனோவுக்கு அனுப்பு என்று தீர்ப்பாயிற்று. ஆறு மாதம் போனது. ஐந்து வருஷம் போனது. 23 சிங்கங்கள் செத்தன. அதற்குப் பிறகும் வருஷங்கள் ஓடிவிட்டன. கிர் சிங்கம் ஒன்றுகூடக் கூனோவின் மண்ணை மிதிக்கவில்லை.

பிள்ளை என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை ஒரே அறையில் பூட்டிவைத்த பாசத்தை என்னவென்று சொல்வது? சிங்கம் எங்களிடம் மட்டும்தான் உண்டு என்ற பெருமை; அந்தப் பெருமையை விளம்பரம் செய்து வரும் உல்லாசப் பயணிகள்; அவர்களால் கொழிக்கும் ஹோட்டல் முதலாளிகள். இதற்கு மேல் கோழியைக் கட்டிச் சிங்கத்தை இழுத்துக் காட்டும் கள்ளக் காட்சிகள் வேறு. பெருமை மாநிலத்துக்கு, லாபம் முதலாளிக்கு, சாவு சிங்கத்துக்கு, பழி ஏழைக்கு. பங்கீடு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்!

இப்போது சிங்கம் பெருகிவிட்டது, 2025 கணக்கில் 891 என்று மார்தட்டுகிறார்கள். பெருகியது நல்லதே. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியே, ஊர்களுக்கும் வயல்களுக்கும் இடையே திரிகின்றன. ஊர் நாய் தின்னும் செத்த மாட்டையே சிங்கமும் தின்கிறது. கூட்டம் பெரிதானால் நெருக்கம் அதிகம். நெருக்கம் அதிகமானால் கிருமிக்குக் கொண்டாட்டம். எண்ணிக்கையைக் காட்டி ஆபத்தை மறைக்கக்கூடாது.

இல்லாத சிங்கத்துக்காக இழந்த நிலம்

இந்தக் கதையில் மிகவும் கொடுமையான பகுதி இனிமேல்தான் வருகிறது. வரப்போகும் சிங்கத்துக்காகக் கூனோ காட்டிலிருந்து 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். சுமார் 1,500 குடும்பங்கள். பெரும்பாலோர் சஹாரியா ஆதிவாசிகள். 1998 முதல் 2003 வரை இந்தக் குடியெழுப்பல் நடந்தது. பிசின் எடுத்தும் தேன் எடுத்தும் விதைத்தும் பிழைத்த ஜனங்கள் காட்டுக்கு வெளியே கொண்டுவிடப்பட்டார்கள். சிங்கம் வரும், அதற்காகத்தான் என்று சொன்னார்கள்.

சிங்கம் வந்ததா? வரவில்லை. 2013 தீர்ப்பு ஆப்பிரிக்கச் சிறுத்தை கொண்டுவரும் யோசனையைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தள்ளியது. 2020-ல் அதே கோர்ட் பரிசோதனையாகக் கொண்டுவரலாம் என்றது. 2022 செப்டம்பர் 17-ந் தேதி நமீபியாவிலிருந்து 8 சீட்டாச் சிறுத்தைகள் ஆகாய விமானத்தில் வந்து கூனோவில் இறங்கின. சில ஆயிரம் மைல் தாண்டி ஆப்பிரிக்காவிலிருந்து சீட்டா வர முடிகிறது. பக்கத்து மாநிலத்திலிருந்து சிங்கம் வர முடியவில்லை! ஆதிவாசி மட்டும் ஒரே உத்தரவில் வெளியே போக முடிகிறது!

கிர் காட்டிலிருந்தும் 1970-களில் நூற்றுக்கணக்கான மால்தாரிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நம் கண்ணெதிரே 2024-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகள் பல தலைமுறை வாழ்ந்த மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள். விலங்கைக் காப்பதற்கு முதல் வேலை ஏழையைத் துரத்துவது என்று ஆள்வோர் நினைக்கிறார்கள். துரத்திய பின் விலங்கையாவது காத்தார்களா? டல்கானியாவில் கிடந்த 23 உடல்கள் பதில் சொல்கின்றன.

நம் பட்டியிலேயே இருக்கும் பாடம்

முடியாது, இவ்வளவு பெரிய நாட்டில் எத்தனை பிராணிக்கு ஊசி போடுவது என்று கையை விரிக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு நம் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் ஆட்டுப் பட்டியிலிருந்தும் பதில் சொல்வோம்.

டிஸ்டெம்பர் கிருமிக்கு நெருங்கிய உறவுக் கிருமிகள் உண்டு. மாட்டுக்கு வந்த வெக்கை நோய் ஒன்று. ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய் ஒன்று. குழந்தைக்கு வரும் தட்டம்மையும் அந்தக் குடும்பம்தான்.

வெக்கை நோய் என்றால் நம் பாட்டன்மார் நடுங்குவார்கள். உழவு மாடு ஜோடியாகச் சாய்ந்தால் விவசாயி கடன்காரன் ஆவான், கூலிக்காரனுக்கு வேலை இல்லை, பஞ்சம்தான். அந்த நோய்க்கு ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகச் சர்க்கார் ஆட்கள் போய் இலவசமாக ஊசி போட்டார்கள். இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1995-ல், நமது வட ஆற்காட்டுப் பக்கத்தில். 2006-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது. 2011-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது வியாதி இது. இதை எந்தத் தனியார் கம்பெனியும் லாபத்துக்குச் செய்யவில்லை. பொதுப் பணம், பொது ஊழியர், பொது ஆராய்ச்சி செய்தது. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் ஊசி போட்ட கால்நடை ஊழியன் செய்தான்.

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1987-ல். விழுப்புரம் பக்கத்து அரசூர் கிராமத்தில். அந்த ஆட்டின் கிருமியிலிருந்தே தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் தடுப்பூசி செய்தார்கள்; அதற்கு அரசூர் என்றே பெயர். ஊசி இருக்கிறது. விளாத்திகுளத்திலும் எட்டயபுரத்திலும் கன்னி ஆடும் கொடி ஆடும் வளர்த்து, பிள்ளை படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் அதையே நம்பியிருக்கும் கூலிப் பெண்ணுக்கு அந்த ஊசி காலத்தில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கால்நடை ஆஸ்பத்திரி தூரம். போனால் டாக்டர் வேறு ஊருக்கும் சேர்த்துப் பொறுப்பு. மருந்து வெளியே வாங்கு. ஆடு செத்த பிறகு யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

சிங்கத்தின் பிரச்னையும் ஆட்டுக்காரியின் பிரச்னையும் ஒன்று என்று நாம் சொல்வது இதனால்தான். ஊருக்கு ஊர் கால்நடை டாக்டரும் ஊசியும் இருந்தால் ஆடு பிழைக்கும், நாய் பிழைக்கும், நாயால் காட்டுக்குப் போகும் கிருமியும் குறையும். அது இல்லையென்றால் ஆடும் சாகும், சிங்கமும் சாகும். ஆடு செத்தால் பத்திரிகையில் வராது. சிங்கம் செத்தால் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் கேட்பது என்ன?

காடுகளைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களிலும், களக்காடு முண்டந்துறை, வல்லநாடு உட்பட, நாய்களுக்கு வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர் ஊசியும் சர்க்கார் செலவில் போடப்பட வேண்டும். நாய் வைத்திருக்கும் ஏழையிடம் அதற்குக் காசு கேட்கக் கூடாது.

காட்டில் பிராணி செத்தால் சோதனை முடிவை உடனே ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் மறைத்த ஒவ்வொரு செய்தியும் மறுநாள் ஒரு உயிர் என்பதை டல்கானியா காட்டிவிட்டது.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி சிங்கத்துக்கு இரண்டாவது வீடு வேண்டும். அதே சமயத்தில், அந்தச் சிங்கத்தின் பெயரால் நிலமிழந்த சஹாரியா ஜனங்களுக்கு 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் நியாயம் கிடைக்க வேண்டும். காட்டையும் அதன் பிராணிகளையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவன் ஆதிவாசி. அவனை வெளியே தள்ளிவிட்டு ஹோட்டல்காரனை உள்ளே விடுவது காட்டைக் காப்பது ஆகாது.

கிராமத்துக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் மருந்தும் இருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி ஊசி நோய் வருமுன் பட்டிக்கு வர வேண்டும்.

இவற்றில் எது முடியாத காரியம்? வெக்கை நோயை ஒழித்த நாட்டுக்கு எது முடியாது? முடியாததல்ல, மனமில்லை. உழவு மாடு செத்தால் வரி குறையும், பஞ்சம் வரும் என்று பயந்து வெக்கை நோயைத் துரத்தினார்கள். நாய் செத்தால் யாருக்கு நஷ்டம் என்று டிஸ்டெம்பரை விட்டுவைத்தார்கள். அந்த அலட்சியம்தான் 2018-ல் காட்டுக்குள் நடந்துபோய்ச் சிங்கத்தின் குகை வாசலில் நின்றது.

தெருவில் போகும் நாய் மேல் கல்லெறிவது சுலபம். அது திருப்பிக் கேள்வி கேட்காது. கல்லைக் கையில் எடுப்பவனிடம் நாம் சொல்வோம்: கல்லைக் கீழே போடு, ஊசி எங்கே என்று கேள். தனியாகக் கேட்டால் காதில் விழாது. உப்பளத்திலிருந்தும் ஆலை வாசலிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் சேர்ந்து கேட்போம். ஊசி வரும் வரை கேட்போம்.